பயணப் பையும் அதன் கைப்பிடியும்

சென்னையில் பயணப் பை வாங்கப் போகிறவர்கள் கடையில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தால் ஒரு வரிசை புலப்படும். முதலில் துணியை இரண்டு விரல்களால் நெருடிப் பார்ப்பார்கள். அடுத்துப் பையைத் தரையில் நிறுத்தி நான்கு பக்கமும் உருட்டுவார்கள். ஜிப்பை ஒருமுறை திறந்து மூடுவார்கள். உள்ளே எத்தனை அறைகள் என்று எண்ணுவார்கள். பிறகு பேரம் தொடங்கிவிடும். கைப்பிடியைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. பார்ப்பவர்களும் காலிப் பையைத் தூக்கிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். காலிப் பையில் எந்தக் கைப்பிடியும் நன்றாகத்தான் இருக்கும்.

இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. துணிப் பையின் ஆயுள் கைப்பிடி துணியோடு சேரும் இடத்தில்தான் தீர்மானமாகிறது. துணியின் தடிமன், சக்கரங்களின் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகு பேச வேண்டியவை. ட்ரங்குப் பெட்டிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. தகரம் தன் உருவத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் இரண்டு ரிவிட்டுகளை அடித்து ஒரு வளையத்தை மாட்டினால் சுமை பெட்டி முழுவதற்கும் பரவிவிடுகிறது. துணியை இழுக்கலாமே தவிர, அதை வளைத்து நிறுத்தவோ அழுத்தத்தைத் தாங்கச் செய்யவோ முடியாது. இழையின் போக்கிலேயே இழுத்தால் ஒரு சாண் அகலமுள்ள பாலியஸ்டர் துணி ஓர் ஆளின் எடையையே தாங்கிவிடும். அதே துணியை விரித்து வைத்து அதன் நடுவில் ஓர் அங்குல இடத்தைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தால், அந்த ஓர் அங்குலத்துக்குள் ஓடும் சில இழைகள்தான் முழுச் சுமையையும் ஏற்க வேண்டியிருக்கும். பை வடிவமைப்பவரின் வேலையில் பெரும்பகுதி, இந்த இரண்டாவது வகை இழுப்பை எப்படியாவது முதல் வகை இழுப்பாக மாற்றுவதுதான்.

தையலுக்கும் இதே கதைதான். ஒரு நாடாவைத் துணியின்மேல் படுக்க வைத்துத் தைத்து, துணியின் தளத்தோடு சேர்த்து இழுத்தால், போட்ட தையல்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். அதே நாடாவைத் துணியிலிருந்து செங்குத்தாகப் பிய்ப்பதுபோல் இழுத்தால் முன்வரிசைத் தையல் மட்டுமே சுமையை ஏற்கும். அது அறுந்ததும் அடுத்த வரிசை, அது அறுந்ததும் அதற்கடுத்தது என்று தையல் உரிந்துகொண்டே போகும். நாற்பது தையல் போட்டிருந்தாலும் ஒரு சமயத்தில் வேலை செய்வது நான்கோ ஐந்தோதான். பையின் மேல்பக்கத்தில், தட்டையான துணிப் பரப்பின்மேல் நேராகத் தைக்கப்பட்ட கைப்பிடி இந்த உரியும் நிலையில்தான் காலம் தள்ளுகிறது.

பெரியமேட்டில், சைடன்ஹாம்ஸ் சாலையை ஒட்டிய சந்துகளில் ரெக்ஸின், ஃபோம், பக்கிள், நாடா, நூல்கண்டு எல்லாம் விற்கும் கடைகளுக்கு நடுவே பை தைத்துக் கொடுப்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தோல் வணிகத்தை நம்பி வளர்ந்த பேட்டை அது. தோல் பெட்டிகளின் காலம் போன பிறகும் கை நுணுக்கம் அங்கேயே தங்கிவிட்டது. மேல் கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்த பை ஒன்றை அங்கே ஒருவரிடம் எடுத்துச் சென்றிருந்தேன். "பாய், துணி கிழிஞ்சிடுச்சு, வேற துணி வச்சுத் தைக்க முடியுமா?" என்று கேட்டேன். அவர் பையை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, கிழிந்த இடத்தின் விளிம்பில் விரலை வைத்துக் காட்டினார். "துணி கிழியல சார். தையல் போட்ட ஓரமா அறுந்திருக்கு, பாருங்க. நூல் அப்படியே இருக்கு."

உண்மைதான். கைப்பிடியின் முனையில் சதுரமாகவும் சதுரத்துக்குள் பெருக்கல் குறியாகவும் போட்டிருந்த தையல் ஓர் இழைகூடக் கலையாமல் இருந்தது. அந்தச் சதுரத்தின் கீழ்க்கோட்டை ஒட்டித் துணி மட்டும் நேர்க்கோடாக அறுந்து, தபால்தலைத் தாளைக் கிழித்ததுபோல் சிறு சிறு அரைவட்டங்களுடன் வந்திருந்தது. பிறகு அவர் லைனிங்கை நான்கு விரல் அகலத்துக்குப் பிரித்து உள்ளே காட்டினார். பின்புறத்தில் எந்தத் தாங்கலும் இல்லை. ஒற்றைத் துணி, அதன்மேல் நேராக நாடா, நடுவே நெருக்கமான தையல். "உள்ள ஒரு பீஸ் வச்சிருந்தா இன்னும் பத்து வருஷம் வந்திருக்கும்" என்றார். அவர் செய்த வேலை இதுதான்: தடித்த பிளாஸ்டிக் தகடு ஒன்றை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, துணிக்குப் பின்னால் வைத்தார், தகட்டுக்கும் துணிக்கும் இடையில் மடித்த நாடாத் துண்டு ஒன்றைச் செருகினார், பழைய தையல் துளைகளைத் தவிர்த்து, அவற்றுக்கு வெளியே புது இடத்தில் குத்தூசியால் துளையிட்டு மெழுகு நூலால் கையாலேயே தைத்தார். முழுதாகத் தைத்து முடித்த பையின் அந்த மூலைக்குள் எந்த மெஷினின் கையும் நுழையாது என்பதால் கைத்தையலைத் தவிர வழியில்லை.

அந்தச் சதுரமும் பெருக்கல் குறியும் அலங்காரத்துக்குப் போட்டவை அல்ல. சதுரத்தின் நான்கு பக்கங்களும் சுமையைப் பரப்பை நோக்கி விரிக்கின்றன. குறுக்குக் கோடுகள் நாடாவின் நடுப்பகுதி துணியிலிருந்து எழும்பாமல் பிடித்துக்கொள்கின்றன. இதற்கு மாற்றாக, ஒரே இடத்தில் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓடும் பார்டாக் தையலும் உண்டு. ஜீன்ஸ் பாக்கெட்டின் ஓரத்தில் காணப்படும் சிறு தடித்த கோடு அதுதான். மெஷினில் ஒரு பார்டாக்குக்கு 28, 42 என்று தையல் எண்ணிக்கை முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்கும். தடித்த நாடாவை நாடாவோடு சேர்க்க இது மிக நல்லது. மெல்லிய துணியில், அதுவும் ரெக்ஸினில் போட்டால் ஆபத்து. நெய்த துணியில் ஊசி பெரும்பாலும் இழைகளை விலக்கிக்கொண்டு போகிறது. ரெக்ஸினைப்போல் பிவிசி பூசிய பரப்பில் அது துளை போடுகிறது, போட்ட துளை மூடுவதில்லை. தையல் நெருங்க நெருங்க உறுதி கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஓர் எல்லைக்குமேல் தையல் நெருங்கினால் துணியில் மிஞ்சுவது துளைகளுக்கு இடையிலான எச்சம்தான். பைகளுக்குத் தடித்த நூலும், அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையலும் போதும். மீதி வேலையை அகலமும் பின்தாங்கலும் செய்ய வேண்டும்.

இனி கோணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலரும் கவனிக்காத விஷயம் இது. 20 கிலோ எடையுள்ள பையின் கைப்பிடி இரண்டு முனைகளில் கட்டப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். தூக்கும்போது கைப்பிடி நன்றாக எழும்பி, அதன் இரு கால்களும் ஏறக்குறைய செங்குத்தாக நின்றால், ஒவ்வொரு முனைக்கும் 10 கிலோ வீதம் சுமை விழும். கால்கள் பையின் பரப்போடு 30 பாகை கோணத்தில்தான் எழும்புகின்றன என்றால் ஒவ்வொரு முனையிலும் விழும் இழுப்பு 20 கிலோ. கைப்பிடி இறுக்கமாகப் பரப்போடு ஒட்டியிருந்து, 15 பாகை அளவுக்குத்தான் எழும்புகிறது என்றால் அது ஏறத்தாழ 39 கிலோ. பையின் எடை கூடவில்லை. கைப்பிடி தளர்வாக இல்லாததற்கு நாம் செலுத்தும் வரி இது. பார்வைக்கு அழகாகத் தட்டையாகப் படிந்திருக்கும் கைப்பிடி கடையில் நேர்த்தியாகத் தோன்றும். நல்ல வடிவமைப்பாளர்கள் இரண்டையும் சேர்த்துக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: கைப்பிடியின் இரு முனைகளும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் சிறிது தூரம் வழுக்கி நகரும்படி அமைக்கிறார்கள். சும்மா இருக்கும்போது அது படிந்திருக்கும்; தூக்கும்போது இரண்டு முனைகளும் உள்ளிருந்து வெளியே வந்து கைப்பிடி வளைந்து எழும்பும். கடையில் கைப்பிடியை மேலே இழுத்துப் பார்த்தால் அது எழும்புகிறதா, அல்லது பையின் மேல்பரப்பே கூடாரம்போல் எழும்புகிறதா என்பது தெரிந்துவிடும்.

மேலே சொன்ன கணக்கு எல்லாம் பை அசையாமல் தொங்கும்போது பொருந்துவது. சுமையைத் திடீரென்று ஏற்றினால், அதாவது தரையிலிருக்கும் பையை ஒரே வீச்சில் வெடுக்கென்று தூக்கினால், மீள்தன்மையுள்ள எந்தப் பொருளிலும் விழும் விசை நிதானமாகத் தூக்கும்போது விழுவதைப்போல் இரண்டு மடங்குவரை போகும். சென்ட்ரலில் ரயில் கிளம்ப இரண்டு நிமிடம் இருக்கும்போது யாரும் நிதானமாகத் தூக்குவதில்லை. ஆகவே 20 கிலோ பையின் கைப்பிடியை 20 கிலோவுக்கு வடிவமைத்தால் போதாது.

ரயிலைப் பற்றிப் பேசும்போது பக்கவாட்டுக் கைப்பிடியை மறக்க முடியாது. விமானப் பயணத்தை மனத்தில் வைத்துச் செய்த பைகளில் பக்கவாட்டுக் கைப்பிடி ஒப்புக்கு வைத்ததுபோல் ஒற்றை நாடாவாகவே இருக்கும். நம் ஊரிலோ அதிகம் அடிபடுவது அதுதான். கீழ்ப் படுக்கைக்கு அடியில் பையைப் படுக்கவைத்துத் தள்ளிவிட்டு, காட்பாடி தாண்டியதும் சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுக்க மறுபடி வெளியே இழுக்கும்போது கைக்கு எட்டுவது பக்கவாட்டுப் பிடி ஒன்றே. இரவில் சங்கிலியைப் பூட்டுபவர்கள் படுக்கைக்கு அடியிலிருக்கும் கம்பி வளையத்தோடு சேர்த்துப் பூட்டுவதும் அந்தப் பிடியில்தான். அது ஒரு பக்கத் தையலிலிருந்து மறுபக்கத் தையல்வரை குறுக்காக ஓடி, இரண்டு முனைகளும் பைப்பிங் தையலுக்குள்ளேயே, அதாவது பையின் ஓரத்தில் உருண்டையாக ஓடும் விளிம்புத் தையலுக்குள்ளேயே, செருகப்பட்டிருந்தால் நம்பலாம். துணியின் நடுவே இரண்டு சதுரங்களாக ஒட்டியிருந்தால், பின்னால் தகடு இருக்கிறதா என்று லைனிங்கின் வழியாக அமுக்கிப் பார்க்க வேண்டும். தகடு இருந்தால் விரலுக்குத் தெரியும்.

கையில் பிடிக்கும் பகுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிடியின் விட்டம் 3 முதல் 4 சென்டிமீட்டர்வரை இருந்தால் விரல்கள் முழுதாகச் சுற்றி வளைத்துப் பிடிக்கும்; வெறும் நாடா என்றால் அதன் ஓரம் விரல் மடிப்பில் அறுக்கும். பிடிக்குள் ஃபோம் வைத்து மூடியவை மெத்தென்று இருக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சி நாளடைவில் உள்ளே பொடியாகும். சிலவற்றில் உருவம் குலையாமலிருக்க மெல்லிய எஃகுப் பட்டை வைத்திருப்பார்கள். கடற்காற்று வீசும் ஊரில் அது துருப்பிடித்து, ஒருநாள் அதன் முனை மேலுறையைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். ரப்பர்போல் மிருதுவாகப் பூச்சுப் பூசிய பிளாஸ்டிக் பிடிகளை நான் தவிர்த்துவிடுவேன். பரணில் இரண்டு மழைக்காலம் இருந்துவிட்டு வந்தால் அவை கையில் பிசுபிசுவென்று ஒட்டுகின்றன.

இந்தச் சிக்கல்கள் அனைத்துக்கும் மிகப் பழைய, மிக எளிய தீர்வு ஒன்று உண்டு. அதை நம் வீடுகளில் ஏர்பேக் என்று அழைத்த உருளை வடிவப் பையில் பார்க்கலாம். அதில் கைப்பிடி நாடா மேலே முடிவதில்லை. ஒரு பக்கத்தில் கைப்பிடியாக வளைந்து, பையின் பக்கவாட்டில் இறங்கி, அடிவயிற்றைச் சுற்றி, மறுபக்கத்தில் ஏறி அங்கேயும் கைப்பிடியாக வளைந்து, மறுபடி அடியைச் சுற்றித் தொடங்கிய இடத்தில் வந்து சேருகிறது. நாடாவின் இணைப்பு எங்கே இருக்கிறது என்று தேடினால் அது பெரும்பாலும் அடியில் இருக்கும். உள்ளே இருக்கும் பொருளை உண்மையில் தாங்குவது அந்த நாடா வளையம்; துணி செய்வது பொருள்கள் வெளியே சிந்தாமல் மூடி வைப்பது மட்டுமே. தையல்கள் நாடாவை இடம் மாறாமல் பிடித்திருக்கின்றன, அவ்வளவுதான். துணி நைந்து கந்தலான பிறகும் கைப்பிடி பிய்யாமல் இருந்த ஏர்பேக்குகளை எல்லா வீட்டுப் பரணிலும் பார்த்திருப்போம். இந்த வடிவத்தை மிஞ்சிய துணிப் பை வடிவம் இன்றுவரை வரவில்லை என்றே நினைக்கிறேன்.

அதைக் கைவிட வைத்தவை சக்கரங்கள். அமெரிக்காவில் பெட்டித் தொழிலில் இருந்த பெர்னார்ட் சாடோ, பெட்டியின் அடியில் நான்கு சக்கரங்களைப் பொருத்தி ஒரு வாரைக் கட்டி இழுக்கும் முறைக்கு 1972இல் காப்புரிமை பெற்றார். படுத்த பெட்டியை நாய்க்குட்டியைப்போல் இழுத்துச் செல்லும் அந்த முறை சற்றுத் தள்ளாட்டமானது. நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானியான ராபர்ட் பிளாத் 1987இல் பெட்டியை நிமிர்த்தி, இரண்டு சக்கரங்களையும் நீளும் கைப்பிடியையும் வைத்தார். இன்று ட்ராலி என்று நாம் சொல்வது அதன் வழித்தோன்றல். கட்டமைப்பில் இதன் விளைவு பெரிது. நீளும் கம்பிகளை எதன்மேலாவது திருக வேண்டும். சக்கரங்களின் கூட்டையும் எதன்மேலாவது பொருத்த வேண்டும். துணியில் இரண்டும் நடக்காது. ஆகவே துணிப் பைக்குப் பிளாஸ்டிக் பலகையாலான முதுகும், அடியில் தட்டும், ஓரங்களைச் சுற்றிக் கம்பிச் சட்டமும் வந்து சேர்ந்தன. இன்றைய துணி ட்ராலியில் உண்மையாகவே மென்மையானது முன்பக்கமும் பக்கவாட்டின் ஒரு பகுதியும் மட்டும்தான். மேல் கைப்பிடியை அந்த முதுகுப் பலகைக்கு எவ்வளவு அருகில் கட்டுகிறார்களோ அவ்வளவு நல்லது. முன்பக்கம் நோக்கி நகர்த்தினால் துணி மறுபடியும் உரியும் நிலைக்கு வந்துவிடுகிறது.

நீளும் கைப்பிடியின் உள்வேலை எளிமையானது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அலுமினியக் குழாய்கள். மேலேயுள்ள பொத்தானை அமுக்கினால் குழாய்க்குள் ஓடும் மெல்லிய கம்பி கீழே இறங்கி, ஸ்பிரிங்கால் வெளியே தள்ளப்பட்டிருக்கும் ஊசிகளை உள்ளே இழுக்கும். பொத்தானை விட்டால் ஊசிகள் அடுத்த துளையில் போய் விழும். குழாய்களுக்கு இடையே சிறிது இடைவெளி வேண்டும், அதனால் கைப்பிடி இலேசாக ஆடும். கடையில் இந்த ஆட்டத்தைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் ஆடாமல் இறுக்கமாக இருக்கும் குழாய் ஓர் இடியில் சற்றே நெளிந்தாலும் சிக்கிக்கொள்ளும். கவலைப்பட வேண்டியது, முழுதாக நீட்டிய நிலையில் பிடி முறுக்கிக்கொண்டு திரும்புவது. நீட்டிய கைப்பிடியைப் பிடித்துப் பையைத் தூக்கிப் படியேறும் பழக்கம்தான் இந்தக் குழாய்களின் முதல் எதிரி. அவை இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் செய்யப்பட்டவை. ஊசிகள் நிற்கும் துளையின் விளிம்பு அலுமினியம், ஊசி எஃகு, ஒவ்வொரு படியிலும் எஃகு அலுமினியத்தைக் கடிக்கிறது.

இரண்டு சக்கரப் பையைச் சாய்த்து இழுக்கும்போது கையில் எவ்வளவு எடை விழுகிறது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 கிலோ பை, 45 பாகைச் சாய்வு, சக்கர அச்சிலிருந்து கைப்பிடி 100 சென்டிமீட்டர் தூரம், பையின் எடை மையம் முதுகின் வழியே 30 சென்டிமீட்டர் உயரத்திலும் முதுகிலிருந்து 14 சென்டிமீட்டர் முன்னாலும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கைக்கு வருவது 3 கிலோவுக்குச் சற்றுமேல். அதே பையில் கனமான பொருள்களை மேலே வைத்து எடை மையம் 45 சென்டிமீட்டருக்கு ஏறிவிட்டால் கைக்கு 6 கிலோவுக்குமேல் வரும். ஊறுகாய் பாட்டில்களும் எவர்சில்வர் பாத்திரங்களும் சக்கரத்துக்கு அருகில், துணிமணிகள் மேலே என்று அடுக்குவது வெறும் ஒழுங்குக்காக அல்ல. நான்கு சக்கரப் பையில் கைக்கு எடையே வராது. ஆனால் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பளிங்குத் தரையைத் தாண்டிவிட்டால் அந்தச் சிறு சக்கரங்கள் நடைபாதைக் கற்களின் இடுக்கில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளும். தெருவில் இழுக்க வேண்டியவர்கள் கூட்டுக்குள் பாதி மறைந்திருக்கும் பெரிய இரண்டு சக்கரங்களையே வாங்கலாம். துணிப் பையின் முன்பாக்கெட்டில் புத்தகங்களைத் திணித்தால் நிமிர்த்தி வைத்த பை குப்புற விழும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

துணிக்கு வருவோம். பை விற்பவர்கள் 600, 1680 என்று சொல்லும் டெனியர், ஒரு குறிப்பிட்ட இழையின் 9,000 மீட்டர் நீளம் எத்தனை கிராம் எடை என்பதைக் குறிக்கிறது. ஆகவே அது இழையின் பருமனைச் சொல்கிறதே தவிர, அதன் உறுதியையோ நெசவின் நெருக்கத்தையோ சொல்வதில்லை. 1680 டெனியர் பாலியஸ்டரைவிட 1050 டெனியர் நைலான் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். பாலிஸ்டிக் நைலான் என்ற பெயரில் விலை உயர்ந்த பைகளில் வரும் துணியின் மூலம் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. சிதறும் உலோகத் துண்டுகளிலிருந்து விமானப் படையினரைக் காக்கும் மேலங்கிகளுக்காக டூபாண்ட் நிறுவனம் உருவாக்கியது அது. இரண்டு இழை மேலே இரண்டு இழை கீழே என்று கூடைப் பின்னலாக நெய்யப்பட்டிருக்கும். தோட்டாவைத் தடுக்க அது பெரிதாக உதவவில்லை. விமான நிலையக் கன்வேயரைத் தாங்க மிக நன்றாக உதவுகிறது. நாடாவைப் பொறுத்தவரை சென்னைக்கு என் தேர்வு பாலியஸ்டர்தான். நைலான் காற்றிலிருந்தே தன் எடையில் 4 சதவீதம் அளவுக்கு ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; நனைந்தால் தொய்ந்து உறுதியும் சற்றுக் குறையும். பாலியஸ்டர் இழுத்துக்கொள்ளும் ஈரம் அரை சதவீதத்துக்கும் குறைவு, வெயிலையும் அது கூடுதலாகத் தாங்கும். மலிவுப் பைகளில் வரும் பாலிப்ரொப்பிலீன் நாடா, மொட்டைமாடியில் மறந்துபோய் விடப்பட்டால், வெயிலில் நார்நாராக உதிர்ந்துவிடும்.

நம் ஊரில் துணியைவிட முன்னால் சாவது அதன் உட்புறப் பூச்சு. தண்ணீர் உள்ளே இறங்காமலிருக்கத் துணியின் பின்பக்கம் பாலியூரித்தேன் பூசுகிறார்கள். ஈரக் காற்று நிறைந்த ஊரில், மூடிய அலமாரியிலும் பரணிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது நீராவி அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்புகளை மெதுவாக அறுக்கிறது. பூச்சு முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். பாலியூரித்தேன் வளையம் போட்ட சக்கரங்கள் உபயோகிக்காமலேயே பொடிந்துபோவதற்கும் காரணம் இதுவே. அமெரிக்காவிலிருக்கும் மகனைப் பார்க்கப் போகும்போது மட்டும் வெளியே வரும் பெரிய பைகள், டாக்ஸியிலிருந்து இறக்கிப் பத்தடி இழுப்பதற்குள் சக்கரத்தை உதிர்ப்பது இப்படித்தான். பாலித்தீன் உறையில் இறுகக் கட்டி வைப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே ஈரம் அடைபட்டால் அதுவே கேடு. மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் நிழலில் திறந்து காற்றாட வைத்தால் போதும்.

ஜிப்பில் துணிப் பைக்கு ஏற்றது சுருள் பல் வகை. வளைவுகளில் அதுதான் நன்றாக இணங்கிப் போகும். 5, 8, 10 என்று வரும் எண், மூடிய நிலையில் பற்களின் அகலத்தை ஏறக்குறைய மில்லிமீட்டரில் சொல்கிறது. பெரிய பையின் பிரதான ஜிப் 8க்குக் குறையக் கூடாது. மூடிய ஜிப் பின்னாலேயே பிளந்துகொண்டு வந்தால் பற்கள் போய்விட்டன என்று பையையே தூக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் பற்கள் நன்றாகவே இருக்கும். ரன்னரின் பின்வாய் தேய்ந்து அகன்றிருக்கும், அதனால் அது இரண்டு வரிசைகளையும் அழுத்திச் சேர்ப்பதில்லை. தெருவோரத்தில் குடையும் ஜிப்பும் பழுது பார்ப்பவர் குறட்டால் ரன்னரின் இரண்டு ஓரங்களையும் ஒரு மயிரிழை அமுக்கிக் கொடுத்தால் சில மாதங்கள் ஓடும்; ரன்னரையே மாற்றினால் ஆண்டுகள் ஓடும். பையின்மேல் உட்கார்ந்து மூடும் வழக்கம் உள்ளவர்கள், வெளியே இரண்டு இறுக்கு நாடாக்கள் உள்ள பையாகப் பார்த்து வாங்குவது நல்லது. நாடாவை இறுக்கிவிட்டு ஜிப்பை இழுத்தால், பொருளின் விம்மலை நாடா வாங்கிக்கொள்ளும். ஜிப்புக்கு மூடும் வேலை மட்டும் மிஞ்சும்.

கடைசியாக நான் பார்ப்பது லைனிங். பையைத் திறந்து, முதுகுப் பக்கத்து லைனிங்கில் ஒரு ஜிப் இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் அதைத் திறந்ததும் நீளும் கைப்பிடியின் குழாய்களும், அவற்றைப் பிடித்திருக்கும் திருகாணிகளும், மேல் கைப்பிடியின் பின்தகடும் கண்ணுக்குத் தெரியும். தகடு இருக்கிறதா, தையல் எவ்வளவு அகலம், ஆணிகள் திருகாணியா ரிவிட்டா என்று கடையிலேயே பார்த்துவிடலாம், விற்பவர் கொஞ்சம் வினோதமாகப் பார்த்தாலும் பாதகமில்லை. திருகாணி போட்ட கைப்பிடி உடைந்தால், அதே அளவுள்ள வேறு கைப்பிடி கிடைத்தால், பெரியமேட்டில் அரை மணி நேர வேலை. லைனிங்கை ஓரத்தோடு தைத்து மூடி, உள்ளே ரிவிட் அடித்திருந்தால் லைனிங்கை அறுத்து, ரிவிட்டின் தலையைத் துளையிட்டு எடுத்து, புதிய கைப்பிடியைப் பொருத்தி, மறுபடி லைனிங்கைக் கையால் தைக்க வேண்டும். அதற்குக் கேட்கும் கூலி சிறிய பை ஒன்றின் விலையை நெருங்கிவிடும்.